வானத்தில் மிதப்பது புகையா, புழுதியா? தளவிளைவு அளக்கும் செயற்கைக்கோள்கள் பற்றி

#1 வான்மதி

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செமினாருக்கு ஏரோசால்களை, அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகள்களை, செயற்கைக்கோளிலிருந்து அளப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

போன வாரம் லேபிலிருந்து, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலராய்டு துண்டு ஒன்றை வாங்கி வந்து, காலை ஆறரை மணிக்கு மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். சூரியன் அப்போதுதான் எழுந்திருந்தது. உச்சி வானத்தைப் பார்த்தபடி போலராய்டைச் சுழற்றினால் நீலம் நன்றாகக் கறுத்தது, இன்னும் கால் சுற்று சுழற்றியதும் வெளுத்தது. இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வயலில் வைக்கோல் கொளுத்தியிருந்தார்கள். அதே நேரம், அதே இடம். ஆனால் கறுப்பு பாதிகூட இல்லை.

புகை வந்தால் தளவிளைவு, அதாவது ஒளி ஒரே திசையில் அதிரும் தன்மை, குறைகிறது என்று புரிந்தது. என் கேள்வி இதுதான். நாசாவின் மோடிஸ் மாதிரிச் செயற்கைக்கோள் கருவிகள் இருபது வருடத்துக்கு மேலாக ஏரோசால் அளவைச் சொல்கின்றனவே. அப்படியிருக்க, தளவிளைவை அளப்பதற்கென்று தனியாகச் செயற்கைக்கோள் எதற்கு? வெளிச்சத்தின் அளவில் கிடைக்காத எது அதில் கிடைக்கிறது?

#2 கார்முகில்

வான்மதி, நல்ல இடத்தில் ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் இந்தத் துறையில் தரவுப் பகுப்பாய்வு செய்கிறவன். தெரிந்ததை எழுதுகிறேன்.

மேலே இருக்கும் கருவிக்கு வந்து சேருவது ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். அதற்குள் தரையிலிருந்து திரும்பியது, காற்று மூலக்கூறுகள் சிதறடித்தது, துகள்கள் சிதறடித்தது எல்லாம் கலந்து கிடக்கின்றன. துகள் என்று எடுத்தால் எத்தனை, எவ்வளவு பெரிது, உருண்டையா கோணலா, ஒளியை விழுங்குமா விழுங்காதா, எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரியாதவை அடுக்கடுக்காக வரும். நிறைய துகள் இருந்து அவை கொஞ்சம் கருப்பாக இருந்தாலும், குறைவான துகள் இருந்து அவை வெள்ளையாக இருந்தாலும் மேலே தெரியும் பிரகாசம் ஒன்றாகவே இருக்கலாம். வெறும் பிரகாசத்தை மட்டும் அளக்கும் கருவி இந்த இரண்டில் எது என்று ஊகிக்கத்தான் வேண்டும். அதனால் 'இந்தப் பகுதியில், இந்த மாதத்தில் இந்த வகைத் துகள்தான் இருக்கும்' என்று முன்கூட்டியே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள்.

தளவிளைவு அப்படியில்லை. ஒரு துகள் எந்தக் கோணத்தில் எவ்வளவு தளவிளைவோடு சிதறடிக்கும் என்பது அதன் அளவையும் ஒளிவிலகல் எண்ணையும் வடிவத்தையும் பொறுத்துத் துல்லியமாக மாறும். ஒரே இடத்தைப் பல கோணங்களில், பல அலைநீளங்களில் பார்த்தால் அந்த வளைவரை அந்தத் துகளின் கைரேகை மாதிரி. பொடியான புகைத்துகள் 90 முதல் 120 பாகைச் சிதறல் கோணத்தில் (ஒளி தன் பழைய பாதையிலிருந்து திரும்பும் கோணம்) பலமாகத் தளவிளைவைக் காட்டும். பாலைவனப் புழுதி பெரியது, உருண்டையும் இல்லை, அதனால் அதன் தளவிளைவு மங்கலாக இருக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. தளவிளைவு ஒரு விகிதம். விண்வெளியில் வருடக்கணக்கில் கிடக்கும் கருவியின் உணர்திறன் மெல்ல மங்கும். பிரகாசத்தை அளப்பவர்களுக்கு அது பெரிய தலைவலி. விகிதம் எடுக்கும்போது அதில் பெரும்பகுதி மேலும் கீழும் அடிபட்டுப் போகும்.

இதற்கு ஒரு கதை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளிக் கோளின் மேகம் எதனால் ஆனது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. பிரான்சில் வானியலாளர் பெர்னார் லியோ 1920-களில் வெள்ளியின் தளவிளைவை அது சூரியனைச் சுற்றும் ஒவ்வொரு நிலையிலும் பூமியிலிருந்தே அளந்து வைத்தார். 1974-ல் ஜேம்ஸ் ஹான்சனும் ஹோவனியரும் லியோவின் அளவீடுகளையும் பிறகு வந்தவற்றையும் கணக்கோடு பொருத்திப் பார்த்தார்கள். துகள்கள் உருண்டை, ஆரம் சுமார் 1.05 மைக்ரான், ஒளிவிலகல் எண் 1.44 என்று வந்தது. தண்ணீருக்கு அது 1.33தான், ஆகவே தண்ணீர் இல்லை. சுமார் 75 சதவீத அடர் கந்தக அமிலத்துக்குத்தான் பொருந்தியது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நின்று, ஒரு சொட்டுகூட எடுக்காமல் சொன்னார்கள்!

#3 பகலவன்

சின்னச் சந்தேகம். இஸ்ரோ 2024 ஜனவரி 1-ல் அனுப்பிய எக்ஸ்போசாட்டும் தளவிளைவு அளப்பதுதானே? அது இதில் சேருமா?

#4 கார்முகில்

சேராது பகலவன். அது எக்ஸ் கதிர்களின் தளவிளைவைப் பார்க்கிறது. அதன் பார்வை கருந்துளை, நியூட்ரான் விண்மீன் பக்கம், பூமிப் பக்கம் இல்லை. இயற்பியல் ஒன்றுதான்.

#5 லீல் குமரன்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கனகாலமா பிரான்சில லீல் நகரத்தில இருக்கிறன். நாங்கள் பள்ளிக்கூடத்தில 'முனைவாக்கம்' எண்டுதான் படிச்சனாங்கள், நீங்கள் 'தளவிளைவு' எண்டுறியள். ரெண்டும் ஒண்டுதான், புதுசா வாசிக்கிற ஆக்களுக்காகச் சொல்லுறன்.

இந்த ஊருக்கும் இந்த விசயத்துக்கும் நெருங்கின தொடர்பு இருக்கு. போல்டர் எண்ட கருவி இங்க லீல் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தின்ர யோசனையில பிறந்து, பிரெஞ்சு விண்வெளி நிறுவனத்தால பறக்கவிடப்பட்டது. அதுக்குள்ள ஒரு சுழலும் சில்லு. அதில வடிகட்டிகளும், 60 பாகை வித்தியாசத்தில மூண்டு திசைக்குத் திருப்பி வைச்ச போலராய்டுகளும் இருக்கும். செயற்கைக்கோள் முன்னுக்குப் போகப் போக, கீழ இருக்கிற ஒரே துண்டு நிலத்தை 14 கோணம் வரைக்கும் பாக்கும். ஒரு துண்டு எண்டது ஏறக்குறைய 6 கிலோமீட்டருக்கு 7 கிலோமீட்டர்.

அதின்ர வரலாறு வாசிச்சால் மனம் கனக்கும். முதலாவது போல்டர் யப்பான்ர அடியோஸ் செயற்கைக்கோளில 1996 ஓகஸ்டில போனது. 1997 யூன் முடிவில சூரியத்தகடு பழுதாகி முழுச் செயற்கைக்கோளும் செத்துப்போச்சு. ரெண்டாவது 2002 டிசம்பரில போனது. 2003 ஒக்டோபரில அதுவும் மின்சாரம் இல்லாமல் நிண்டுட்டுது. ரெண்டு தரமும் ஏழு, எட்டு மாசத் தரவுதான். பிழை கருவியில இல்லை, அதைச் சுமந்ததில. மூண்டாந்தரம் இவையள் சொந்தமா ஒரு சின்னச் செயற்கைக்கோள் செய்து, அதுக்குப் பாரசோல் எண்டு பேர் வைச்சு 2004 டிசம்பரில அனுப்பிச்சினம். அது 2013 டிசம்பர் வரைக்கும் ஒன்பது வருசம் வேலை செய்தது. இண்டைக்கு இந்தத் துறையில பாவிக்கிற கணிப்புமுறைகளில கனக்க அந்த ஒன்பது வருசத் தரவில பழகினதுதான்.

#6 எண்ணூர்க்காரன்

எல்லாம் நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும், யாரும் தப்பா எடுத்துக்க வேணாம்.

நான் வடசென்னைல விலை குறைஞ்ச காத்துத்தர சென்சார் வெச்சு அளக்குற ஒரு சின்ன குழுவில இருக்கேன். எங்க ஏரியால புள்ளைங்க மூச்சிறைக்குதுன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடுறது ராத்திரி ரெண்டு மணிக்கு. நீங்க சொல்ற செயற்கைக்கோள் பகல்ல ஒரு தடவை தலைக்கு மேல போகுது. மேகம் இருந்தா கீழ தெரியாது. ஒரு புள்ளி அஞ்சாறு கிலோமீட்டர், அதுக்குள்ள எங்க ஊரே அடங்கிடும். அதுவும் தரைல மூக்குக்கிட்ட இருக்குற தூசியச் சொல்லாது, மேல வரைக்கும் இருக்குற மொத்தத்தையும் சேத்துதான் சொல்லும். இவ்வளவு பணத்தக் கொட்டி அனுப்புறதுக்குப் பதிலா, தெருவுக்குத் தெரு ஒழுங்கான அளவி வெக்கலாமே? வெளிச்சம் எந்தப் பக்கம் அதிருதுன்னு தெரிஞ்சு எங்களுக்கு என்ன ஆகப்போகுது?

#7 கார்முகில்

எண்ணூர்க்காரன், நீங்கள் சொன்ன ஒவ்வொரு குறையும் உண்மை. இரவில் சூரிய ஒளி இல்லை, ஆகவே இந்தக் கருவிகளுக்குக் கண்ணே இல்லை. மேகத்துக்குக் கீழே இருக்கும் ஏரோசால் தெரியாது. உங்கள் தெருவின் பிஎம் 2.5 (மிக நுண்ணிய தூசி) எண்ணுக்கு உங்கள் சென்சார்தான் சாட்சி. தரை அளவி வேண்டாம் என்று இந்தத் துறையில் யாரும் சொல்வதில்லை. கான்பூரில் 2001 முதல் ஓடும், தரையிலிருந்து ஏரோசாலை அளக்கும் சூரிய ஒளிமானி மாதிரி நிலையங்கள் இல்லாவிட்டால் செயற்கைக்கோள் சொல்வது சரியா என்று பார்க்கவே வழி இருக்காது.

ஆனால் இந்தக் கருவியைக் கட்டியது வேறு ஒரு கேள்விக்காக. 1999-ல் ராமநாதன் முதலானோர் மாலத்தீவை மையமாக வைத்து நடத்திய இந்தோயெக்ஸ் ஆய்வில், குளிர்காலத்தில் இந்தியப் பெருங்கடலின் வடபகுதி முழுக்கப் பழுப்புப் புகைப்படலம் பரவிக் கிடப்பதைக் கண்டார்கள். நடுக்கடலில் தெருவும் இல்லை, சென்சாரும் இல்லை. அந்தப் படலம் எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, எவ்வளவை விழுங்கிக் காற்றைச் சூடாக்குகிறது என்பதில் பருவமழையின் போக்கும் அடங்கியிருக்கிறது.

உலக அளவில் பாருங்கள். 2021-ல் வந்த ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) அறிக்கைப்படி, 1750-லிருந்து 2019 வரை கார்பன் டை ஆக்சைடால் கூடிய வெப்பத் தாக்கம் சதுர மீட்டருக்கு 2.16 வாட். ஏரோசால்கள் அதற்கு எதிராகக் குளிர்விப்பது சுமார் 1.1 வாட். ஆனால் அந்த 1.1 என்பது 0.4 ஆகவும் இருக்கலாம், 1.7 ஆகவும் இருக்கலாம் என்கிறார்கள். காலநிலைக் கணக்கிலேயே மிகப் பெரிய இடைவெளி இதுதான். பூமி இனி எவ்வளவு சூடாகும் என்ற கேள்விக்குப் பதில் அகலமாக நிற்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். அந்த இடைவெளியில் பெரும்பங்கு ஏரோசால் மேகத்தை என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது.

#8 வான்மதி

மேகத்தை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க முடியுமா அண்ணா? மேகத்துளி எல்லாம் தண்ணீர்தானே, அதில் தளவிளைவு எதைக் காட்டும்?

#9 கார்முகில்

காட்டும் வான்மதி. தளவிளைவின் அழகே மேகத்தில்தான் இருக்கிறது என்பேன்.

மேகத்துளி உருவாக ஒரு துகள் வேண்டும். துகள் கூடினால் அதே தண்ணீர் அதிகத் துளிகளாகப் பங்கு பிரியும், ஒவ்வொன்றும் சிறியதாகும், மேகம் வெளுக்கும். இதை டூமி விளைவு என்பார்கள். ஆகவே துளியின் அளவைச் சரியாக அளந்தாக வேண்டும்.

வழக்கமான முறை, துளியின் அளவை இரண்டு அலைநீளங்களின் பிரகாசத்திலிருந்து கணக்கிடும். மேகம் சமமான தட்டுப் போல இருந்தால் நன்றாக வேலை செய்யும். ஆனால் நம் வானத்தில் எந்த மேகம் தட்டையாக இருக்கிறது? பஞ்சுப் பொதி மாதிரிக் குவிந்து, ஒரு பக்கம் வெயிலும் ஒரு பக்கம் நிழலுமாக நிற்கிறது. நிழல் விழுந்த பக்கத்தில் கணக்கு தவறும்.

தளவிளைவு முறை வேறு. மழைத்துளியில் வானவில் வருவது போல, மேகத்துளியிலும் சிதறல் கோணம் 140 பாகையை ஒட்டி ஒரு வில் வரும். மேகவில் என்று சொல்லலாம். கண்ணுக்கு அது மங்கலாகத்தான் தெரியும், ஏனென்றால் பலமுறை சிதறிய வெளிச்சம் மேலே படர்ந்து அதை மூடிவிடும். தளவிளைவுற்ற ஒளியை மட்டும் பிரித்துப் பார்த்தால் அந்த மூட்டம் விலகி வில் பளிச்சென்று நிற்கும், ஏனெனில் பலமுறை சிதறிய ஒளி தன் அதிர்வுத் திசையை மறந்துவிடுகிறது. தளவிளைவோடு வருவது பெரும்பாலும் மேகத்தின் உச்சியில் ஒரே ஒரு முறை சிதறித் திரும்பிய ஒளி.

முதன்மை வில்லுக்கு அப்பால் 165 பாகை வரை சின்னச் சின்னத் துணை வில்கள் அடுக்காக வரும். துளி பெரிதானால் அவை நெருங்கும், சிறிதானால் விலகும். எல்லாத் துளியும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் அலைகள் கூர்மையாக நிற்கும். பல அளவில் கலந்திருந்தால் கரைந்துபோகும். ஆக, அளவும் கிடைக்கிறது, அளவுகளின் பரவலும் கிடைக்கிறது. பரவலை வேறு எந்தச் செயற்கைக்கோள் முறையும் இவ்வளவு நேரடியாகத் தருவதில்லை. மேகத்தின் உச்சி பனிப்படிகமாக இருந்தால் வில்லே வராது. தண்ணீரா பனியா என்பதற்கு அதுவே பதில்.

#10 சிதம்பரம் வாத்தியார்

அன்பர்களே, நான் முப்பது ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இந்த இழையைப் படித்து இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

1921-ல் சி.வி. இராமன் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா என்ற கப்பலில் திரும்பி வந்தார். கடலின் நீலம் வானத்தின் நீலம் பிரதிபலிப்பதால் வருவது என்று இராலே பிரபு சொல்லியிருந்தார். இராமன் கையிலிருந்த, போலராய்டு போலவே வேலை செய்யும் நிக்கோல் பட்டகத்தின் வழியே கடலைப் பார்த்தார். நீரின் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி, ஏறக்குறைய 53 பாகைப் படுகோணத்தில் முழுமையாகத் தளவிளைவுற்றிருக்கும். பட்டகத்தைச் சரியாகத் திருப்பினால் அந்தப் பிரதிபலிப்பு அணைந்துவிடும். அணைத்த பிறகும் கடல் நீலமாகவே இருந்தது, முன்னைவிட ஆழ்ந்த நீலமாக. நிறம் நீருக்குள்ளிருந்தே வருகிறது என்று கண்டார். பின்னாளில் நோபல் பரிசு வரை கொண்டு சென்ற ஒளிச்சிதறல் ஆய்வின் வாசல் அது.

1940-களில் வானியற்பியலாளர் சந்திரசேகர், வளிமண்டலத்தில் பலமுறை சிதறும் ஒளியின் சமன்பாடுகளில் தளவிளைவையும் சேர்த்துத் தீர்த்துக் காட்டினார். ஸ்டோக்ஸ் 1852-ல் எழுதி, ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த, ஒளியின் தளவிளைவை விவரிக்கும் நான்கு எண்களை மீட்டெடுத்தவர் அவரே. என் வகுப்பில், அந்த 53 பாகையைத் தரும் புரூஸ்டர் விதியை 'இரண்டு மதிப்பெண் வினா' என்றே நடத்தி முடித்திருக்கிறேன். மாணவர்களை ஒருநாள் கடற்கரைக்கு அழைத்துப் போயிருக்கலாம் என்று இப்போது வருத்தமாக இருக்கிறது. வான்மதி, மாடியில் நின்று பார்த்தாயே அம்மா, மனம் நிறைந்தது.

#11 எண்ணூர்க்காரன்

வாத்தியார் ஐயா எழுதினது நெஞ்சத் தொட்டுச்சு. கார்முகில் சொன்னதும் புரியுது. கடல் மேல யாரும் சென்சார் வெக்க முடியாதுங்கறத ஒத்துக்குறேன்.

ஆனா போல்டர் ரெண்டு தடவை போச்சு, பாரசோல் 2013-ல முடிஞ்சுதுன்னு குமரன் சொன்னாரே. அப்புறம் என்ன? இடையில யாரும் அனுப்பலையா?

#12 கார்முகில்

அனுப்பினார்கள். வெள்ளி மேகத்தின் தன்மையைக் கணக்கிட்ட ஹான்சன், பூமிக்கும் இதே முறையில் ஒரு கருவி வேண்டும் என்று பல வருடம் வாதாடியவர். குளோரி என்ற நாசா செயற்கைக்கோளில் அப்படி ஒரு கருவி ஏறியது. 2011 மார்ச் 4 அன்று கலிபோர்னியாவிலிருந்து டாரஸ் எக்ஸ்எல் ராக்கெட்டில் கிளம்பியது. ராக்கெட்டின் மூக்குக் கூடு பிரியவில்லை. அந்தச் சுமையோடு சுற்றுப்பாதையை எட்ட முடியாமல் கடலில் விழுந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2009 பிப்ரவரியில், கார்பன் அளக்கும் செயற்கைக்கோள் ஒன்றும் இதே வகை ராக்கெட்டில், இதே கூடு பிரியாமல் விழுந்திருந்தது.

2019-ல் நாசா காரணத்தை வெளியிட்டது. கூட்டைப் பிரிக்கும் இணைப்புக்கான அலுமினியத்தை விற்றவர்கள் பல வருடங்களாகச் சோதனைச் சான்றிதழ்களைத் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை பேரின் எத்தனை வருட உழைப்பு! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே ஆறாது.

#13 லீல் குமரன்

அதுக்குப் பிறகு மெல்ல மெல்லக் கதவு திறந்தது. சீனா 2018 மே மாசம் காவ்ஃபென்-5 செயற்கைக்கோளில போல்டர் மாதிரியான ஒரு கருவியை அனுப்பிச்சுது. யப்பான் 2017 டிசம்பரில அனுப்பின செயற்கைக்கோளில ரெண்டு அலைநீளத்தில முனைவாக்கம் பாக்கினம். 2024 பெப்ரவரி 8-ல நாசாவின்ர பேஸ் செயற்கைக்கோள் போனது. 2025 ஓகஸ்ட் 13-ல, ஐரோப்பாவின்ர புது மெட்டாப் செயற்கைக்கோள் ஆரியான்-6 ராக்கெட்டில போனது. அதில 3எம்ஐ எண்ட கருவி இருக்கு. போல்டரின்ர வாரிசு எண்டு சொல்லலாம். 14 கோணம், 12 அலைநீளம், அதில 9-இல முனைவாக்கம். இது ஒரு ஆய்வுக்காக மட்டும் அனுப்பினது இல்லை, நாளாந்த வானிலைச் சேவைக்கு அனுப்பினது. ஒண்டு முடிய அடுத்தது எண்டு வரிசையாப் போகும். முப்பது வருசமாக் காத்திருந்தது இதுக்குத்தான்.

#14 பகலவன்

பேஸில் இரண்டு தளவிளைவுக் கருவி இருக்கிறதாமே? ஏன் இரண்டு?

#15 கார்முகில்

ஒன்று அகலம், ஒன்று கூர்மை.

ஹார்ப்-2 மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் வளாகத்தில் செய்தது. ஒரு அகலக் கண்ணாடி, உள்ளே ஒரு பட்டகம் ஒளியை மூன்றாகப் பிரித்து மூன்று உணரிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும். போல்டரில் சில்லு சுழல்வதற்குள் செயற்கைக்கோள் நகர்ந்துவிடும், மேக விளிம்பில் பொய்யான தளவிளைவு தோன்றும். இதில் அந்தத் தொல்லை இல்லை. 670 நானோமீட்டரில் மட்டும் 60 கோணங்கள், மேகவில்லின் அலைகளை ஒவ்வொன்றாக எண்ணுவதற்காக. பார்க்கும் அகலம் சுமார் 1,550 கிலோமீட்டர்.

ஸ்பெக்ஸ்ஒன் நெதர்லாந்துக் கருவி. ஐந்து கோணம்தான், அகலமும் சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆனால் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதன் மேல் ஒரு அலையை ஏற்றி, அந்த அலையின் உயரத்திலிருந்து தளவிளைவின் அளவையும் அலையின் நிலையிலிருந்து திசையையும் படிக்கிறது. பிழை 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. ஒன்றின் பார்வையை மற்றதால் சரிபார்க்கலாம்.

வான்மதி, செமினாருக்கு ஒரு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் அங்கோலா, நமீபியா கடற்கரையை எடுங்கள். ஒவ்வொரு வருடமும் ஜூலை முதல் அக்டோபர் வரை ஆப்பிரிக்காவில் எரியும் புல்வெளிகளின் புகை அட்லாண்டிக் மேல் போய், கீழே கிடக்கும் வெள்ளை மேகப் பரப்புக்கு மேலே மிதக்கும். வெறும் பிரகாசத்தில் பார்த்தால் மேகம் கொஞ்சம் மெலிந்தது போலத் தெரியும், புகை தெரியாது. தளவிளைவில் பார்த்தால் மேகவில் மங்கியிருக்கும், 90-120 பாகைப் பக்கம் மேகத்தில் வரக்கூடாத தளவிளைவு தலைதூக்கியிருக்கும். அது புகையின் கையெழுத்து. வெள்ளை மேகத்தின் மேல் கரும்புகை மிதந்தால் அது பூமியைக் குளிர்விக்காது, சூடாக்கும். பாரசோல் தரவில்தான் இதை முறையாக அளக்கக் கற்றார்கள்.

#16 எண்ணூர்க்காரன்

சரி. எனக்கு இதுல ஒரு வேலை தெரியுது. எங்க சென்சார் எல்லாம் எவ்வளவு தூசின்னு மட்டும்தான் சொல்லும். அது நிலக்கரிச் சாம்பலா, வண்டிப் புகையா, கடல் உப்பான்னு தெரியாம கண்ணக் கட்டின மாதிரிதான் நிக்கிறோம். மேல இருந்து பொடித்துகள் எவ்வளவு, பெருந்துகள் எவ்வளவுன்னு பிரிச்சுக் குடுத்தா, பகல் நேரத்துக்காவது எங்க எண்ணோட வெச்சுப் பாக்கலாம். தெருவுக்கு அளவி வேணும்ங்கறத மட்டும் நான் விடப்போறதில்ல.

#17 கார்முகில்

விடவே வேண்டாம். கடலோரப் புள்ளியில் பாதி நீர், பாதி நிலம் இருக்கும், அங்கே கணக்கு தடுமாறும். உள்நாட்டுப் பக்கம் இருக்கும் உங்கள் அளவிகளோடு முதலில் ஒப்பிடுங்கள். பேஸ் நம் தலைக்கு மேல் வருவது பகல் ஒரு மணியை ஒட்டி. உங்கள் பதிவில் அந்த ஒரு மணி நேரத்துச் சராசரியை எடுத்து வையுங்கள். தரவு இலவசம், கணக்குத் தொடங்கினால் போதும்.

#18 வான்மதி

மூன்று நாளாகத் தரவோடு மல்லுக்கட்டி, இன்று ஒரு படம் வந்தது! வங்காள விரிகுடா மேல் ஹார்ப்-2, 670 நானோமீட்டர், தளவிளைவுற்ற ஒளி மட்டும். மேகப் பரப்பில் வெள்ளை வளைவு ஒன்று தெளிவாகத் தெரிகிறது, அதற்கு உள்ளே இன்னும் இரண்டு மெல்லிய வளைவுகள். லேபில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் படத்தின் வடகிழக்கு மூலையில் அந்த வளைவு ஒரு பெரிய மேகத்தின் விளிம்பில் வந்து சட்டென்று அறுந்து, அந்த மேகத்தைத் தாண்டி மறுபடி தொடங்குகிறது. நான் ஏதாவது தவறாகச் செய்துவிட்டேனா?

#19 கார்முகில்

தவறு இல்லை என்றே நினைக்கிறேன். பேஸின் வண்ணக் கருவி எடுத்த அதே நேரப் படத்தில் அந்த மேகத்தைப் பாருங்கள். உச்சி பட்டறைக் கல் மாதிரி விரிந்திருக்கிறதா?

#20 வான்மதி

ஆமாம் அண்ணா, விரிந்துதான் இருக்கிறது. இடிமேகம். உச்சி முழுக்கப் பனி!